பள்ளியைப் பார்க்கப் போனால் கழிப்பறையைப் பாருங்கள்

ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்றோடு அந்தப் பெண் வந்தாள். ஏழாம் வகுப்பு. சிறுநீரில் கிருமி பார்க்கும் கல்ச்சர் சோதனை எடுத்தாயிற்று, ஸ்கேனும் பார்த்தாயிற்று. சிறுநீரகத்தில் கோளாறு ஏதும் இல்லை. தாயாரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன்: “பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை கழிப்பறைக்குப் போவாய், கண்ணு?”

“போகவே மாட்டேன், டாக்டர்.”

காலை ஆறே முக்காலுக்கு வேன் ஏறுகிறவள், மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறாள். அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. பாட்டில் நிரம்பியபடி போய் நிரம்பியபடி வருகிறது. கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்காகிறதாம். தோழி ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இடைவேளையோ பத்து நிமிடம். அந்தப் பள்ளியில் சேர்ப்பதற்காக அவள் அப்பா நகையை அடகு வைத்திருந்தார்.

கொங்குப் பகுதியின் சிறு நகரம் ஒன்றில் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். ஏப்ரல், மே வந்தால் தடுப்பூசிக்கு வருகிறவர்கள்கூட, “ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி நல்லது டாக்டர்?” என்று கேட்பார்கள். எந்தப் பள்ளியில் கணக்கு நன்றாக நடத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. எந்தப் பள்ளியிலிருந்து எந்த வியாதி வருகிறது என்பது ஓரளவு தெரியும்.

சேர்க்கைக் காலத்தில் போனால் குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் படங்களைக் காட்டுவார்கள். அப்போது போகாதீர்கள். வேலை நாளில், காலை இடைவேளை முடிகிற நேரத்தில் போய், பிள்ளைகள் பயன்படுத்தும் கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். விருந்தினருக்கான கழிப்பறையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மகளுக்கென்றால் அம்மா உள்ளே போய்ப் பார்க்கட்டும். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? பெண் குழந்தைகளில் பெரும்பாலோர் வயதுக்கு வருவது பதினொன்றிலிருந்து பதினான்குக்குள், அதாவது நீங்கள் இப்போது தேர்ந்தெடுக்கும் அதே பள்ளியில். பையன்களுக்கு இது பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். மலத்தை அடக்கி அடக்கி, மாதக்கணக்கில் வயிற்றுவலியோடு வருகிற பையன்கள் என்னிடம் உண்டு. கேட்டும் காட்ட மறுக்கிறார்களா? நீங்கள் அறிய வந்ததை அறிந்துவிட்டீர்கள், கிளம்பலாம்.

அடுத்தது வேன். பன்னிரண்டு வயது வரை ஒரு பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரம். பருவமடையும்போது உடலின் கடிகாரமே பின்னால் நகர்ந்துவிடுகிறது. பத்து மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. அதைச் சோம்பல் என்று திட்டக் கூடாது. ஆறே முக்கால் வேனுக்கு ஐந்தரைக்கு எழுப்பினால், மிஞ்சுவது ஆறரை, ஏழு மணி நேரம். இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் தலைவலி என்று அழைத்து வந்து, கூடவே ஞாபகசக்திக்கு டானிக் கேட்கிறார்கள். நான் எழுதித் தருவதில்லை. பதினான்கு கிலோமீட்டர்தானே என்பார்கள். ஊர் ஊராகச் சுற்றி ஏற்றிக்கொண்டு போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் அந்த வேனின் பின்னால் வண்டியில் போய்ப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு தொடங்கி, திங்கள் காலை உச்சத்துக்குப் போய், விடுமுறையில் காணாமல் போகும் வயிற்றுவலி ஒன்று உண்டு. நடிப்பு என்று அடிக்காதீர்கள், வலி உண்மையானது. மாதாமாதம் தேர்வு வைத்து, மதிப்பெண் வாரியாகப் பிள்ளைகளைப் பிரிவு மாற்றும் பள்ளிகளிலிருந்து இதை அதிகம் பார்க்கிறேன். அப்படிப்பட்ட பள்ளியைப் பற்றி விசாரித்தால், முதல் பிரிவுப் பிள்ளையின் அப்பாவை விட்டுவிட்டுக் கடைசிப் பிரிவுப் பிள்ளையிடம் கேளுங்கள்.

இனிச் சொல்வது மருத்துவம் இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு, பெற்றோருக்கு நேர்காணல் என்றால், கல்வி உரிமைச் சட்டம் 2009 எட்டாம் வகுப்பு வரை அந்த இரண்டையும் தடுக்கிறது, நன்கொடையையும் தடுக்கிறது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழக அரசின் குழு இருக்கிறது. அந்த உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

என்னை மிகவும் உறுத்தியது ஓர் ஆட்டோ ஓட்டுநரின் கதை. மூன்று வருடம் கடன் வாங்கித் தனியாரில் படிக்கவைத்துவிட்டு, முடியாமல் மகளை ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றினார். “டாக்டருக்குப் படிக்க அரசுப் பள்ளிக்கு 7.5 சதவீதம் இருக்கிறதே, அதில் வாங்கிவிடலாம்” என்றார். 2020இல் வந்த அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியாரில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் 2021 முதல் இதே ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பில் இதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். என்னிடமும் ஐந்து வருடமாக வந்துகொண்டிருந்தார், நானும் சொல்லவில்லை.

அரசுப் பள்ளிக்கு ஆள் சேர்ப்பதற்காக இதை எழுதவில்லை. அங்கேயும் தண்ணீர் வராத கழிப்பறை உண்டு, கணக்கு ஆசிரியர் இடம் காலியாகவே கிடப்பதும் உண்டு. அங்கேயும் இடைவேளை முடிகிற நேரத்தில்தான் போக வேண்டும்.

அந்தப் பெண்ணை மறு வருடம், வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். “இவ்வளவு செலவழித்துவிட்டு இங்கேயா?” என்று தாயாரின் மாமியார் வீட்டில் கேட்டார்களாம். வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல், ஆய்வகம் பாதி நாள் பூட்டியே கிடக்கிறது என்று தாயாருக்கும் குறைதான். செப்டம்பரில் தம்பிக்கு ஊசி போட வந்தபோது அவளும் சீருடையோடு வந்திருந்தாள். தொற்று திரும்ப வந்ததா என்று கேட்டேன், இல்லை என்றாள். பையின் பக்கவாட்டில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலை உருவிப் பார்த்தேன். காலியாக இருந்தது.