முன்கணிப்பு: ‘ஃபோர்காஸ்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தின் விலையைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்கொண்டு மதிப்பிடுவதைத் தமிழில் விளக்குவோர், ‘ஃபோர்காஸ்ட்’ என்ற ஒரே சொல்லுக்குக் கணிப்பு, முன்கணிப்பு, எதிர்வுகூறல், ஆரூடம் என்று வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள். பணத்தைப் பந்தயமாக வைக்கும் துறையில் இந்தக் குழப்பம் நல்லதன்று.

ஆங்கிலச் சொல்லில் ‘ஃபோர்’ என்பது முன். ‘காஸ்ட்’ என்பது எறிதலைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்து, கணக்குக் கூட்டுதல் என்ற பொருளையும் பெற்றது. முன்கூட்டித் திட்டமிடுதல் என்ற பொருளில் வழங்கிய இச்சொல்லை, 1861இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் வானிலை அறிவிப்புகளை வெளியிடத் தொடங்கிய பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபிட்ஸ்ராய், தம்முடையவை தீர்க்கதரிசனங்கள் அல்ல, அறிவியல் முறையில் கணக்கிட்டுப் பெற்ற கருத்துகள் என்று காட்டுவதற்காகவே தேர்ந்தெடுத்தார். ஃபேஸ்புக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட முன்கணிப்புக் கருவிக்குத் தீர்க்கதரிசி என்று பொருள்படும் ‘ப்ராஃபெட்’ என்ற பெயரை இட்டது, இவ்வரலாற்றை அறிந்தவர்களுக்கு உறுத்தவே செய்யும்.

தமிழில் ‘கணி’ என்ற அடி எண்ணி அளவிடுதலையும் காலம் அறிந்து சொல்லுதலையும் சேர்த்தே குறிக்கிறது. கணியன் பூங்குன்றனார் பெயரில் இருப்பதும் அதுவே. வேங்கை பூத்தால் தினை அறுக்கும் காலம் வந்தது என்று குறிஞ்சி நிலத்தார் அறிந்ததனால் அம்மரத்துக்கும் கணி என்ற பெயர் உண்டு. இலங்கைத் தமிழில் வானிலைக்கு வழங்கும் ‘எதிர்வுகூறல்’ அழகான சொல்தான். ஆயினும் அதில் கூறுதல் இருக்கிறதே தவிர, கணக்கு இல்லை. ஆரூடம் சோதிடத்துக்கே உரியது. எனவே முன்கணிப்பு என்பதே பொருத்தமான சொல் என்பது என் முடிவு.

‘முன்’ என்ற முன்னொட்டு இங்கே அலங்காரமன்று. ஸ்டாட்ஸ்மாடல்ஸ் என்ற பைத்தான் நிரல் நூலகத்தில் உள்ள அரிமா (ARIMA) மாதிரியில், அதாவது கடந்தகால மதிப்புகளைக் கற்று அடுத்தவற்றை மதிப்பிடும் கணக்கு முறையில், ‘பிரெடிக்ட்’, ‘ஃபோர்காஸ்ட்’ என்று இரண்டு கட்டளைகள் உள்ளன. முன்னது மாதிரி ஏற்கெனவே கற்றுக்கொண்ட தரவின் காலத்துக்குள்ளும் மதிப்புகளைத் தரும். பின்னது தரவு முடிந்த இடத்துக்கு அப்பால் மட்டுமே செல்லும். முதலாவதைக் கணிப்பு என்றும் இரண்டாவதை முன்கணிப்பு என்றும் பிரித்து வழங்கினால், கற்ற காலத்தின் விலைக் கோட்டோடு ஒட்டிச் செல்லும் வரைபடத்தைக் காட்டி, வரப்போகும் விலையே தெரிந்துவிட்டது என்று நம்பும் பிழை குறையும்.

வட்டிக் கொள்கை மாறும் காலத்தில் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியமாகிறது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தத் தொடங்கியபின் சரிந்து, எஃப்டிஎக்ஸ் என்ற மின்னணு நாணயச் சந்தை வீழ்ந்த அவ்வாண்டு நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே சென்றது. அந்த ஓராண்டை மட்டும் கற்ற மாதிரி, வட்டி ஏறினால் விலை இறங்கும் என்றே கொள்ளும். ஆனால் 2023இல் வட்டி மேலும் உயர்ந்து ஜூலையில் 5.25 முதல் 5.50 விழுக்காட்டை எட்டியபோதும் பிட்காயின் ஏறியது. 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 விழுக்காடாக்கிய சில நாள்களில், ஆகஸ்ட் 5 அன்று, விலை 50,000 டாலருக்கும் கீழே விழுந்தது. அமெரிக்க வட்டியை மட்டும் உள்ளீடாகக் கொண்ட நிரலுக்கு இதை அறிய வழியே இல்லை. வேங்கைக்கும் தினைக்கும் இருந்த நிலையான உறவு வட்டிக்கும் பிட்காயினுக்கும் இல்லை.

ஆகவே ஒற்றை எண்ணை முன்கணிப்பு என்று அழைக்க நான் தயங்குவேன். எந்த நாளுக்கு, எந்த வீச்சுக்குள், எவ்வளவு நிகழ்தகவோடு என்பதும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும். விலையின் அலைவை அளக்க 1986இல் டிம் பொல்லர்ஸ்லெவ் வகுத்த கார்ச் (GARCH) மாதிரி, விலை செல்லும் திசையைவிட இந்த வீச்சை மதிப்பிடவே பெரிதும் உதவுகிறது. நாளைய விலை இன்றைய விலையே என்று கொள்ளும் எளிய மதிப்பீட்டைவிடப் பிழை குறைகிறதா என்றும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தேதியிலும் கவனம் தேவை. ஃபெடரல் ரிசர்வின் முடிவு வாஷிங்டனில் பிற்பகல் 2 மணிக்கு வெளியாகும்போது இந்தியாவில் கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு கடந்து மறுநாள் 12.30. நேர மண்டலத்தைச் சரிசெய்யாமல் இரண்டு அட்டவணைகளை இணைத்தால், அறிவிப்புக்கு முந்தைய விலையைக் கணிக்க அறிவிப்பையே பயன்படுத்தியதாகிவிடும். அப்படிப் பெற்ற எண்ணுக்கு ‘முன்’ என்ற சொல் பொருந்தாது.