மில்லாக்ஸ் ஏரியில் மே மாதத் தூண்டில்: எதைப் பிடிக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம்

மினசோட்டாவில் வால்ஐ மீன் சீசன் திறக்கும் நாளை எல்லோரும் 'ஓப்பனர்' என்கிறார்கள். மே மாதக் கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே விடுமுறையின் வார இறுதியில் வரும் சனிக்கிழமைக்குச் சரியாக இரண்டு வாரம் முந்தைய சனிக்கிழமை அது. எந்த ஆண்டாக இருந்தாலும் மே 9க்கும் 15க்கும் இடையில்தான் விழும். மாநில ஆளுநரே படகேறித் தூண்டில் போடும் வழக்கம் 1948 முதல் நடக்கிறது. அந்த அளவுக்கு இங்கே அது திருவிழா.

மினியாபொலிஸ் பக்கம் இருப்பவர்கள் அன்றைக்குக் கிளம்பிப் போகும் இடங்களில் மில்லாக்ஸ் ஏரி முக்கியமானது. வடக்கே ஏறக்குறைய 100 மைல். பரப்பு சுமார் 1,32,000 ஏக்கர். மிக ஆழமான இடமே 42 அடிதான். இவ்வளவு அகலமாக, இவ்வளவு ஆழம் குறைவாக இருப்பதால் காற்று எழுந்தால் அலையும் சட்டென்று எழும். சின்னப் படகுக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது ஒரே விஷயத்தில்தான். மாநிலத்தின் பொது விதி ஒன்று, இந்த ஏரியின் விதி வேறொன்று. பொது விதியைப் படித்துவிட்டு இங்கே வந்து மீனைப் பையில் போட்டால் அபராதம் கட்ட நேரும்.

முதலில் லைசென்ஸ்

மாநிலத்தில் தொடர்ந்து 60 நாள் குடியிருப்பவர் உள்ளூர்வாசி லைசென்ஸ் வாங்கலாம். ஆண்டுக்கு 25 டாலர் அளவில் ஆகும். கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒன்றாகவும் கிடைக்கும், கொஞ்சம் மிச்சம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 16 வயது ஆகும்வரை லைசென்ஸ் வேண்டாம். ஆனால் மகனுக்குத் தேவையில்லை என்று அவன் தூண்டிலை அப்பா வாங்கி வீசினால், அப்பாவுக்கு லைசென்ஸ் வேண்டும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்களா? அவர்கள் வெளியூர்க் கணக்கு. 24 மணி நேரம், 72 மணி நேரம், 7 நாள் என்று குறுகிய கால லைசென்ஸ் இருக்கிறது. அதில் ஒன்று போதும். அன்னையர் தின வார இறுதியில் அம்மாக்கள் இலவசமாக மீன் பிடிக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் ஓப்பனரும் அதே வார இறுதியில்தான் வரும். ஆனால் அந்தச் சலுகை மினசோட்டாவில் வசிக்கும் அம்மாக்களுக்கு மட்டும். மதுரையிலிருந்து வந்த அம்மாவுக்கு அது பொருந்தாது.

கோடையில் ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். இரண்டை வீசிவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது.

அங்குலக் கணக்கு

மாநிலத்தின் பொது வரம்பு பல காலமாக ஒருவருக்கு 6 வால்ஐ என்று இருந்து வந்திருக்கிறது. அதில் 20 அங்குலத்துக்கு மேல் ஒன்றுதான். மில்லாக்ஸில் அது செல்லாது. 2013இல் இங்கே இரண்டு மீன்தான் அனுமதி, அதுவும் 18 முதல் 20 அங்குலத்துக்குள்; ஒன்று மட்டும் 28 அங்குலத்துக்கு மேல் இருக்கலாம். 2015இல் ஒரே மீன், 19 முதல் 21 அங்குலம், இல்லாவிட்டால் 28க்கு மேல். 2016இல் ஒன்றுகூட வைத்துக்கொள்ளக் கூடாது, பிடித்ததை எல்லாம் தண்ணீரிலேயே விட வேண்டும் என்று ஆனது. 2019இல் மறுபடி ஒரு மீன்: 21 முதல் 23 அங்குலம், இல்லாவிட்டால் 28 அங்குலத்துக்கு மேல். ஒவ்வொரு வசந்தத்திலும் டி.என்.ஆர். எனப்படும் மாநில இயற்கை வளத் துறை புதிதாக அறிவிக்கும். போன வருஷம் வந்த நண்பர் சொன்னதை நம்பிப் போக வேண்டாம்.

இந்த 'இத்தனையிலிருந்து இத்தனை அங்குலம்' என்பது ஏன்? எந்த வயது மீன் ஏரியில் நிறைய இருக்கிறது, எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பார்த்துப் போடும் கோடு அது. பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெட்டைகள். சின்னவை அடுத்த தலைமுறை. 2013இல் பிறந்த ஒரு கூட்டம் நன்றாகத் தப்பிப் பிழைத்தது. அவை வளர்ந்து முட்டையிடட்டும் என்பதற்காகவே பல ஆண்டுகள் கோடு அவற்றைத் தொடாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

அளப்பதில் அவசரம் வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு மீனை அளவுப் பலகையில் படுக்க வையுங்கள். மூக்கு நுனி பூஜ்யத்தில் முட்ட வேண்டும், வால் முழுதாக நீண்டிருக்க வேண்டும். அந்த வாலின் கடைசி நுனி வரை அளவு. 'கிட்டத்தட்ட 21' என்றால் அது 21 இல்லை, தண்ணீருக்குப் போகட்டும். வைத்துக்கொள்ளும் மீனைப் படகிலேயே வெட்டித் துண்டு போடக் கூடாது. அதிகாரி கேட்டால் அளந்து பார்க்கும்படி தலை, வால், தோலோடு முழு மீனாக இருக்க வேண்டும். தலையோடு குழம்பு வைக்கிற நமக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை.

இந்த ஏரிக்கு மட்டும் ஏன்?

1837இல் இங்குள்ள பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் இந்தப் பகுதி நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, அதே ஒப்பந்தத்தில் அங்கே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் காட்டு நெல் சேகரிக்கவும் தங்களுக்கிருந்த உரிமையை வைத்துக்கொண்டார்கள். மாநிலம் அதை மதிக்கவில்லை. மில்லாக்ஸ் ஓஜிப்வே குழு 1990இல் வழக்குப் போட்டது. 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர்.

அதற்கப்புறம் மாநிலமும் எட்டு ஓஜிப்வே குழுக்களும் சேர்ந்து, இந்த ஆண்டு ஏரியிலிருந்து இத்தனை பவுண்டு வால்ஐ எடுத்தால் ஆபத்தில்லை என்று ஒரு அளவு வைக்கின்றன. அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். 2014இல் மொத்தம் 60,000 பவுண்டு: மாநிலத்துக்கு 42,900, குழுக்களுக்கு 17,100. 2015இல் 40,000 பவுண்டாகக் குறைந்தது. மாநிலப் பங்கு 28,600. தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதியே வால்ஐ பிடிப்பை மூடிவிட்டார்கள்.

வசந்தத்தில் பனி உருகியதும், நம் சீசன் திறப்பதற்கு முன்பே, ஓஜிப்வே மக்கள் வலையிலும் ஈட்டியிலும் மீன் எடுப்பார்கள். 'அவர்களுக்கு மட்டும் எப்படி?' என்ற முணுமுணுப்பு படகுத்துறையில் இன்றும் காதில் விழும். எனக்கு அதில் நியாயம் தெரியவில்லை. அவர்கள் எடுப்பது அவர்கள் பங்கிலிருந்து, அதுவும் கரையிலேயே கணக்கெடுக்கப்படுகிறது. நிலத்தைக் கொடுத்த நாளிலேயே எழுதி வாங்கிய உரிமை அது.

மீன் குறைந்ததற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. 2005இல் ஜீப்ரா சிப்பி இந்த ஏரிக்குள் வந்தது, 2009இல் முள் நீர்த்தெள்ளு. சிப்பி தண்ணீரை வடிகட்டித் தெளிய வைக்கிறது. மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிய வால்ஐக்குத் தெளிந்த நீர் ஒத்துவராது. நீர்த்தெள்ளு குஞ்சுகளின் உணவை முந்தித் தின்கிறது. குஞ்சுகள் பொரிக்காமல் இல்லை, ஆனால் இரண்டு வயதைத் தாண்டுபவை குறைவு.

விட்ட மீனும் கணக்கில் உண்டு

பலருக்குத் தெரியாத விதி இது. நீங்கள் திரும்ப விட்ட மீன்களில் ஒரு பகுதி பிறகு செத்துப்போகும். அதையும் டி.என்.ஆர். மதிப்பிட்டு மாநிலப் பங்கில் கழிக்கிறது. ஆட்கள் படகுத்துறையில் நின்று, எத்தனை பிடித்தீர்கள், எத்தனை விட்டீர்கள் என்று கேட்பது இந்தக் கணக்குக்காகத்தான். 2016இல் ஒரு வால்ஐகூட வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஆனாலும் விட்ட மீன்கள் செத்த கணக்கிலேயே அந்த ஆண்டின் மாநிலப் பங்கான 28,600 பவுண்டு தாண்டிவிட்டது. 2017 ஜூலையில் மூன்று வாரம் வால்ஐ பிடிப்பை அடியோடு நிறுத்தினார்கள்.

ஜூலையில் ஏன் என்றால், தண்ணீர் சூடாகச் சூடாக, தூண்டிலில் மாட்டி விடப்பட்ட மீன் சாகும் வாய்ப்பும் ஏறுகிறது. மே மாதக் குளிர் நீரில் விட்ட மீன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், நிறையப் பிடித்து நிறைய விட ஆசைப்படுகிறவர்கள் அந்த ஆசையை மே மாதத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. சீசன் தொடக்கத்தில் வால்ஐ முட்டையிட்டு முடித்துக் கரையோரப் பாறை, சரளைப் பகுதியில் சுற்றும். காற்று அடிக்கும் கரையில், அந்தி நேரத்தில், ஜிக் எனப்படும் எடைத் தலைக் கொக்கியில் சின்ன ஷைனர் மீனை இரையாகக் கோத்துப் போடுவார்கள். கொஞ்ச நாள் போனால் மிதவைக்குக் கீழே அட்டைப்பூச்சி. கொக்கியை ஆழமாக விழுங்கிவிட்டால் பிடுங்காமல் தூண்டில் நரம்பை வெட்டி மீனை விடுங்கள்.

ஸ்மால்மவுத் பாஸ்

தெளிந்த தண்ணீர் வால்ஐக்குக் கேடாக இருந்தாலும் ஸ்மால்மவுத் பாஸுக்கு வசதியாகப் போயிற்று. பாஸ்மாஸ்டர் பத்திரிகை 2017இல் இந்த ஏரியை நாட்டின் முதல் பாஸ் ஏரி என்று பட்டியலிட்டது. ஐந்து பவுண்டு மீன் இங்கே அதிசயமில்லை.

வால்ஐ சீசன் திறந்தாலும் பாஸை அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மெமோரியல் டே வார சனிக்கிழமை வரை பிடித்துத் தண்ணீரில் திரும்ப விடலாம், வைத்துக்கொள்ளக் கூடாது. மே கடைசியில் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது ஆண் மீன் சரளையில் குழி பறித்துக் கூடு அமைக்கும். முட்டையைக் காவல் காப்பதும் அதுதான். அதைத் தூக்கினால் நிமிடத்தில் பெர்ச்சும் சன்ஃபிஷும் முட்டையைத் தின்றுவிடும். கூட்டின் மேல் நிற்கும் மீன் கண்ணுக்குத் தெரிந்தால், விதி அனுமதித்தாலும் அதை விட்டு நகர்ந்து போங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து மறுபடி ஸ்மால்மவுத்தைப் பிடித்துத் திரும்ப விட மட்டுமே அனுமதி. நடுவிலுள்ள மாதங்களிலும் 17 முதல் 21 அங்குலம் வரையுள்ள பாஸை உடனே விட வேண்டும் என்று சமீப ஆண்டுகளில் இந்த ஏரிக்குத் தனி விதி இருந்து வருகிறது. நல்ல மீன்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்பதுதான் நோக்கமே.

திரும்பும்போது

படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றியதும் அடியிலுள்ள வடிகால் மூடியைக் கழற்றித் தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள். சாலையில் போகும்போதும் மூடி கழற்றியே இருக்க வேண்டும். இது மாநிலச் சட்டம். டிரெய்லரில் சுற்றிய பாசியைப் பிய்த்துப் போடுங்கள். மிச்ச இரை மீனை எடுத்துப் போவதானால் ஏரித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் டி.என்.ஆர். தளத்தில் மில்லாக்ஸ் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். சீசன் நடுவிலும் விதி மாறுவது இங்கே புதிதில்லை.