எந்தப் பாதியைச் சுரண்டுவது?

வள்ளியூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேட்டரி மோட்டார் செய்தோம் சார். ஊக்கு, காந்தம், காயில் (கம்பிச்சுருள்) எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கம்பி நுனியில் எனாமலைப் பாதி மட்டும் சுரண்ட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள், அதையும் செய்தோம். ஒரே ஒரு குழுவின் மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது. மற்றதெல்லாம் ஓர் உதறு உதறிவிட்டு நின்றுபோகிறது. காந்தத்துக்குப் பவர் பத்தவில்லை என்கிறார்கள் பிள்ளைகள். எங்கே தப்பு?"

காந்தத்தின் மேல் தப்பில்லை டீச்சர், பேட்டரி மேலும் இல்லை. சுரண்டும்போது காயில் மேசைமேல் படுத்துக் கிடந்ததா, நின்றுகொண்டிருந்ததா? விஷயம் அதில்தான் இருக்கிறது.

செய்து பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. டார்ச் லைட்டில் போடுகிற பெரிய 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று. மின்சாரத்தைக் கடத்தாத எனாமல் பூசிய செம்புக் கம்பி, 26 கேஜ் பருமன், ஒரு மீட்டர் போதும். மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டால் துண்டுக் கம்பி கிடைக்கும். அதைப் பேட்டரி மேலேயே எட்டுச் சுற்று சுற்றிக் கழற்றினால் வட்டமான காயில். இரண்டு நுனிகளும் எதிரெதிர்ப் பக்கம் நேராக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அவைதான் அச்சு. பேட்டரியைப் படுக்கவைத்து, இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊக்கை சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கி, ஊக்கின் வளையங்களில் அச்சை மாட்டுகிறோம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய சின்னக் காந்தம் ஒன்று, காயிலுக்கு நேர்கீழே, பேட்டரியின் முதுகில். அவ்வளவுதான் மோட்டார்.

மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று ஆர்ஸ்டெட் 1820-ல் கண்டார். மறு ஆண்டே ஃபாரடே அதை வைத்துக் கம்பியைச் சுற்ற வைத்துவிட்டார். இதெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. கம்பியின் மேல் விசை எந்தப் பக்கம் என்று சொல்லும் ஃபிளெமிங்கின் இடக்கை விதியும் வரும், பிள்ளைகள் விரலை விரித்துக் காட்டவும் செய்வார்கள். ஆனால் விதியைச் சரியாகச் சொல்கிற பிள்ளையாலும், சுற்றாத காயில் ஏன் சுற்றவில்லை என்று சொல்ல முடிவதில்லை. அதற்கு எனாமலிடம் வர வேண்டும்.

மின்னோட்டம் பாய்ந்ததும் காயிலே ஒரு தட்டையான காந்தம் ஆகிவிடுகிறது. ஒரு முகம் வடக்கு, மறுமுகம் தெற்கு. கீழே இருக்கும் காந்தம் அதன் ஒரு முகத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. காயில் செங்குத்தாக நிற்கும்போது அந்தத் திருப்புவிசை உச்சத்தில் இருக்கும். திரும்பித் திரும்பிப் படுத்த நிலைக்கு வந்ததும் விசை பூச்சியம், காயில் விரும்பிய முகம் கீழே பார்த்துவிட்டது. வந்த வேகத்தில் அந்த நிலையைச் சற்றே தாண்டினால் விசை எதிர்த்திசையில் பிடித்து இழுக்கும். ஆக, நுனிகளை முழுக்கச் சுரண்டி, எந்நேரமும் மின்னோட்டம் பாய விட்டால், ஒரு முழுச் சுற்றில் பாதி தூரம் முன்னே தள்ளும், மீதிப் பாதி பின்னே இழுக்கும். கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. காயில் நாலு ஆட்டம் ஆடிப் படுத்துக்கொள்ளும்.

என்ன செய்யலாம்? பின்னே இழுக்கிற பாதியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் போதும். ஊர்க் கொடையில் கையால் தள்ளும் குட்டி ராட்டினத்தைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி தன் முன்னால் இறங்கும்போது ஆள் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுவார், மற்ற தூரத்தை ராட்டினம் தன் வேகத்திலேயே கடந்து வரும். நம் மோட்டாரில் அப்படிக் கையை எடுக்கும் வேலை எனாமலுக்கு. கம்பி ஊக்கு வளையத்தின் அடிப்பக்கத்தில்தான் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சுரண்டிய பாதி கீழே வரும்போது செம்பு தொடும், மின்சாரம் பாயும். எனாமல் உள்ள பாதி கீழே வரும்போது அடைத்துக்கொள்ளும். சுவிட்சைப் போட்டு அணைக்க ஆள் வேண்டாம், சுற்றுகிற கம்பியே எப்போது போடவேண்டும், எப்போது அணைக்கவேண்டும் என்பதைத் தன் தோலில் வைத்திருக்கிறது. எனக்கு இந்தக் காயிலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது டீச்சரின் கேள்விக்கு வருவோம். முன்னே தள்ளுகிற அரைச்சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? படுத்த நிலையில் தொடங்கி, எழுந்து நின்று, மறுபடி படுக்கும் வரை. அதன் நட்டநடு, காயில் நேராக நிற்கும் இடம். எனவே காயில் நிற்கும்போது சுரண்டிய பாதி நேர்கீழே பார்க்க வேண்டும். காயிலை மேசை விளிம்பில் நிமிர்த்திப் பிடித்து, மேசையில் படிந்திருக்கும் நுனிக்கம்பியின் மேல்பாதியைச் சுரண்டினால் இது தானாக அமைந்துவிடும். மேல்பாதியா கீழ்ப்பாதியா என்பது பொருட்டே இல்லை, சுற்றும் திசை மாறும், அவ்வளவுதான். இன்னொரு நுனியை முழுக்கச் சுரண்டிவிடலாம்.

பிள்ளைகள் இயல்பாக என்ன செய்வார்கள்? காயிலை மேசைமேல் படுக்கவைத்து, வசதியாகச் சுரண்டுவார்கள். அப்போது மின்சாரம் பாயும் அரைச்சுற்று, படுத்த நிலையை நடுவாகக் கொண்டுவிடும். அதில் கால்சுற்று தள்ளுகிறது, அடுத்த கால்சுற்று இழுக்கிறது. பாதி சுரண்டியும் கணக்கு பூச்சியம்தான். சுற்றிய அந்த ஒரு குழுவில் யாரோ ஒரு பிள்ளை காயிலை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டியிருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: முழுக்கச் சுரண்டிய காயிலும் சில நேரம் சுற்றிவிடும். அச்சு நேராக இல்லாமல் ஊக்கில் துள்ளித் துள்ளித் தொடுவதால், சரியான இடத்தில் தற்செயலாக மின்சாரம் அறுந்துபோகும். அதைப் பார்த்துவிட்டு "சுரண்டல் எப்படி இருந்தாலும் சரிதான்" என்று வகுப்பை முடித்துவிட வேண்டாம். அப்புறம், காயில் நின்றுபோனால் உடனே கழற்றிவிடுங்கள். ஒரு மீட்டர் 26 கேஜ் கம்பியின் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குதான், பேட்டரி கிட்டத்தட்ட ஷார்ட் ஆனதுபோல் இருக்கும். கம்பியும் ஊக்கும் விரலைச் சுடும். செல்போனில் கழற்றிய லித்தியம் பேட்டரியை இதற்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

வீட்டு மிக்சியில் இதே வேலையைச் செப்புத் துண்டுகளும் கார்பன் பிரஷ்ஷும் இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் செய்கின்றன. இழுக்கிற பாதியில் மின்சாரத்தை நிறுத்துவதற்குப் பதிலாக, சுருளில் அதன் திசையையே திருப்பிவிடுகின்றன, அதுவும் தள்ளாகிவிடுகிறது. அடிப்பக்கத் துளைகளில் தெரியும் நீலப் பொறி அந்த மாற்றத்தின்போது வருவது.

"காந்தத்துக்குப் பவர் பத்தவில்லை" என்று பிள்ளைகள் சொன்னதை மட்டும் அப்படியே விட முடியவில்லை. புரியாத இடத்திலெல்லாம் காந்தத்தின் மேல் பழியையோ புகழையோ போடுவது நம் ஊர்ப் பழக்கம். பொருட்காட்சிக்குப் போனால் ரத்த அழுத்தத்துக்கு காந்த வளையல், மூட்டுவலிக்கு காந்தப் படுக்கை. வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்பதற்கும் இப்போது ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, பூமியின் காந்தம் இழுத்துவிடும் என்று அறிவியல் சாயம் பூசிவிட்டார்கள். ரத்தத்து இரும்பு ஆணி இரும்பைப்போல் காந்தத்தில் ஒட்டுவதில்லை. திருநெல்வேலியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ். எம்.ஆர்.ஐ. கருவியில் பரவலாக இருப்பது 1.5 டெஸ்லா (ஒரு டெஸ்லா என்பது 10,000 காஸ்), அதைப்போல் சுமார் 37,500 மடங்கு. அதற்குள் அரை மணி நேரம் படுத்து வந்தவர்களின் ரத்தம் தலைக்கு ஓடிவிடவில்லை.

காந்தத்தைப் பற்றி உண்மையாகவே பெருமைப்பட நமக்கு வேறொன்று இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலி மாவட்டத்தை ஒட்டிப் போகிறது. நடுவில் தொங்கவிட்ட காந்த ஊசி இங்கே ஏறக்குறைய கிடையாகவே நிற்கும், வடக்கே போகப் போகத்தான் மூக்கைக் கவிழ்க்கும். பகல் நேரத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே, நூறு கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில், ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பது இதற்காகத்தான். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே அது தெரிவதில்லை. சிற்பம் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற பள்ளிகள், அனுமதி வாங்கி அங்கேயும் ஒரு மணி நேரம் காட்டினால் என்ன?

அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் நல்ல ஏற்பாடு, செய்து பார்த்துக் கற்பதற்கென்றே வந்தது. என் மனக்குறை பணம் எதற்குப் போகிறது என்பதில். திரை, புரொஜெக்டர் என்றால் கணக்கில் காட்ட எளிது. கம்பியும் பேட்டரியும் தீர்ந்துபோகிற சாமான், அதற்குத்தான் எப்போதும் கை இழுக்கும். இருக்கிற கருவியையும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டால், உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பீரோவைத் திறக்க மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் பொட்டு வைக்கத் திறப்பார்கள். உடைவதற்கென்றே ஒரு தொகை ஒதுக்காத ஆய்வகத்தால் பிள்ளைகளுக்குப் பெரிய பயனில்லை என்பது என் கட்சி.

சரி டீச்சர், சுற்றாத அந்தக் காயில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்டரி முதுகிலிருக்கும் காந்தத்தை எடுத்து, காயிலின் உயரத்துக்கே, பக்கவாட்டில், அச்சுக்குச் செங்குத்தாக, இடிக்காத அளவுக்கு நெருக்கமாகக் கையில் பிடியுங்கள். இப்போது காந்தப்புலம் கிடையாக வருகிறது. விசை உச்சத்தில் இருக்கும் இடம் காயில் நிற்கும் நிலை அல்ல, படுத்த நிலை. படுக்கவைத்துச் சுரண்டியது அங்கே மிகச் சரி. லேசாக ஒரு தட்டுத் தட்டினால் அதே காயில்கள் ஓடும். ஏன் என்பதை நீங்கள் சொல்லாமல், முதலில் பிள்ளைகளைச் சொல்ல விடுங்கள்.