கர்ப்பிணிகளுக்கான இடுப்புத்தளப் பயிற்சி வகுப்பு: சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்

இருமினால், தும்மினால், பலமாகச் சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்று கர்ப்பிணிகள் தாமாக என்னிடம் சொல்வது அபூர்வம். முதுகுவலி என்று வருவார்கள். நான் கேட்ட பிறகுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆமா மேடம், ஆனா வயித்துல புள்ள இருந்தா அப்படித்தான்னு அத்தை சொன்னாங்க" என்பார்கள். நிறையப் பேருக்கு இருக்கிறது என்பது உண்மைதான், அதற்காகப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை விரிந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகள்தான் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குகின்றன. வயிறு பெரிதாகப் பெரிதாக இவற்றின் சுமை கூடுகிறது, அப்புறம் சுகப்பிரசவத்தில் குழந்தைக்கு வழிவிட இதே தசைகள்தான் விரிந்து கொடுக்கவும் வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இவற்றைச் சுருக்கித் தளர்த்தும் இந்தப் பயிற்சி மருத்துவத்தில் பரவியது. இன்றைக்கு யூடியூபில் அந்தப் பெயரைப் பார்க்காத கர்ப்பிணிகள் குறைவு.

சரி, குழுவாகச் செய்தால் பலன் உண்டா? உண்டு. நார்வேயின் டிரான்ட்ஹெய்மில் முதல் குழந்தையைச் சுமந்த 301 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு 12 வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம், பிசியோதெரபிஸ்ட் நடத்தும் குழு வகுப்பு, கூடவே வீட்டில் தினமும் இரண்டு வேளைப் பயிற்சி. 36-ஆவது வாரத்தில் சிறுநீர்க் கசிவு அவர்களில் 32 சதவீதம் பேருக்கு இருந்தது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 48 சதவீதம் பேருக்கு. பிரசவத்துக்கு 3 மாதம் கழித்துப் பார்த்தபோது முறையே 20, 32 சதவீதம். தசை இறுகிவிட்டால் பிரசவம் கஷ்டமாகிவிடாதா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். அதே ஆய்வில், முக்கிப் பெற்றெடுக்கும் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது பயிற்சி செய்தவர்களிடம்தான் குறைவு.

ஆனால் அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் சரியான தசையைத்தான் சுருக்குகிறார்களா என்று தனியாகப் பரிசோதித்துப் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்கினார்கள். நம் ஊர் வகுப்புகள் பலவற்றில் விட்டுப்போவது இதுதான். ஹாலில் வரிசையாகப் பாய் விரித்து, மைக்கில் "இறுக்குங்க, விடுங்க" என்று சொன்னால், யார் எதை இறுக்குகிறார் என்று யாருக்குத் தெரியும்? பிட்டத்தை இறுக்குவார்கள், தொடையைச் சேர்த்து நெருக்குவார்கள், மூச்சை அடக்குவார்கள், சிலர் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குவார்கள். வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்து 47 பெண்களைச் சோதித்த 1991-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள், நாலில் ஒருவர் செய்தது கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் இருந்தது. முக்கிக்கொண்டே தினமும் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே மேல் என்பேன்.

வெளிநாடுகளில் இதை அடிவயிற்று ஸ்கேனில் காட்டிச் சொல்லித் தருவது உண்டு. இங்கே கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், கர்ப்பிணிக்கு பிசியோதெரபிஸ்ட் நினைத்தபடி ஸ்கேன் எடுக்க முடியாது. பரவாயில்லை, கைக்கண்ணாடி போதும். தனி அறையில் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள்: சுருக்கும்போது ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதி உள்ளே ஏற வேண்டும், வெளியே பிதுங்கினால் தப்பு. புரியவில்லையென்றால், உங்கள் சம்மதத்தோடு பெண் பிசியோதெரபிஸ்ட் கையுறை அணிந்து பரிசோதிக்கலாம். ரத்தப்போக்கு, நீர் உடைதல், நஞ்சுக்கொடி கீழே இருப்பது போன்றவை உள்ளவர்களுக்கு இந்த உள்பரிசோதனை கூடாது, பயிற்சியையும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல் பின்னிருந்து தொடங்கி முன்னால் வரை மேலே இழுங்கள். 6 முதல் 8 நொடி பிடித்து, முழுசாகத் தளர்த்துங்கள். பிரசவத்தில் உதவப்போவது அந்தத் தளர்த்தல்தான். ஒரு வேளைக்கு 8 முதல் 12 முறை, மூச்சு இயல்பாக ஓடட்டும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். செய்யும்போது வலித்தால் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள், சிலருக்குத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கும், அவர்களுக்குத் தேவை வேறு பயிற்சி.

இவ்வளவு சொன்னாலும் நான் குழு வகுப்பின் பக்கம்தான். ஒரு பெண் வாய்விட்டு "எனக்கும் கசியுது" என்றதும் மற்றவர்களும் பேசத் தொடங்குவதை அங்கேதான் பார்க்கிறேன், வீட்டில் நாலு நாளில் விட்டுவிடுகிறவர்கள்கூட அங்கே தொடர்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அங்கே காத்திருக்கும் நேரத்தில், திரை மறைவில் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, பிறகு எல்லோரையும் சேர்த்து அரைமணி நேரம் வகுப்பு எடுக்கலாம். பயிற்சி பெற்ற ஒரு பெண் பிசியோதெரபிஸ்டும் ஒரு திரையும் இருந்தால் போதும்.

பணம் கட்டிச் சேரப்போகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்: "நான் சரியாச் சுருக்குறேனான்னு தனியாப் பார்ப்பீங்களா?" இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். சிசேரியன்தான் என்று முடிவானவர்களும் சேரலாம், ஒன்பது மாதச் சுமை அவர்களுக்கும் உண்டு.