கண்புரை முத்தட்டும் என்று இன்னும் யார் சொல்கிறார்கள்?

கண் ரத்தமாய்ச் சிவந்து, பொறுக்க முடியாத தலைவலியும் வாந்தியுமாக ஒரு பாட்டியைக் கூட்டி வருகிறார்கள். டார்ச் அடித்தால் கண் பாப்பா முழுக்கப் பால் வெள்ளை. புரை இருப்பது வீட்டுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். "முத்தட்டும்னு இருந்தோம் சார்." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

அளவுக்கு மீறி முற்றிய புரையிலிருந்து புரதம் கசியும். அது கண்ணின் வடிகாலை அடைத்தால் கண்ணுக்குள் பிரஷர் எகிறும். பார்வை நரம்பு பட்டுப்போனபின் எந்த லென்ஸ் வைத்தாலும் போன பார்வை போனதுதான்.

"முத்தட்டும்" என்பது ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான். அப்போது புரை விழுந்த கண்ணின் சொந்த லென்ஸை உறையோடு முழுசாக எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். பிறகு பாட்டில் அடி போன்ற +10 கண்ணாடி. அதில் எல்லாம் பெரிதாகத் தெரியும். ஆபரேஷன் ஆன கண்ணும் ஆகாத கண்ணும் ஒத்துப்போகாது. அதனால் பார்வை நன்றாக மங்கும்வரை பொறுப்பது அன்றைக்கு நியாயம். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்க ஆரம்பித்ததும் அந்த நியாயம் போய்விட்டது. இன்றைக்கு முற்றவிட்டால் புரை கல்லாகி, அறுவைதான் சிரமமாகிறது. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருக்கிறதா? அதுவே நேரம்.

அடுத்த சாக்கு: "இலவச ஆபரேஷன்னா மட்டமான லென்ஸ் வைப்பாங்க."

மதுரையில் இருந்துகொண்டு இதைச் சொல்வதுதான் எரிச்சல். 1976-ல் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 58 வயது டாக்டர் கோ. வெங்கடசாமி, 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களாலேயே கண் அறுவை பழகியவர். காசு கொடுப்பவர் தரும் கட்டணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் செய்வது என்பதுதான் அங்கே கணக்கு. தங்கச்சி நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே டாக்டர்களாகக் கூட நின்றது. கிராமத்துப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பரிசோதனை முதல் ஆபரேஷனுக்குத் தயார் செய்வதுவரை அவர்கள் பார்த்துக்கொள்ள, டாக்டர் அறுவையை மட்டும் பார்க்கிறார். தியேட்டரில் ஒரே டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் முடியும்போது அடுத்ததில் நோயாளி தயார். மைக்ராஸ்கோப்பைத் திருப்பினால் போதும். வேகம் அதனால் வருவது, அவசரத்தால் அல்ல.

லென்ஸுக்கு வருவோம். வெளிநாட்டு லென்ஸ் கட்டுப்படியாகவில்லை என்றுதான் 1992-ல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி மதுரையிலேயே செய்தார்கள். விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. பல நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. இலவசப் பக்கத்தில் வைக்கும் மடியாத லென்ஸ் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. மடக்க முடியாததால் உள்ளே போக ஆறு மில்லிமீட்டர் வாசல் வேண்டும், அவ்வளவுதான். கல்லாகிப்போன புரைக்குப் பல நேரம் அந்த வாசல் வழியே செய்யும் தையலில்லாத சிறு கீறல் முறைதான் பாதுகாப்பு. காசு கட்டுபவர் கூடுதலாக வாங்குவது தனி அறை, மடியும் லென்ஸ் போன்றவை. டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறித்தான் வேலை பார்க்கிறார்கள்.

கண் சிகிச்சை கேம்புக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாத்தாவுக்குப் புராஸ்டேட் மாத்திரை ஓடுகிறது என்றால் கட்டாயம் சொல்லுங்கள். சில மாத்திரைகளால் அறுவையின்போது கருவிழித் திரை தொளதொளவென்று ஆடும், முன்பே தெரிந்தால் சமாளித்துவிடலாம். சர்க்கரையை மறைக்காதீர்கள், எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் கை கழுவிவிட்டுச் சொட்டு மருந்து. கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணில் படக்கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிஷம். பார்வை தெளிந்துவிட்டது என்று பத்து நாளில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்; எழுதிக் கொடுத்த வாரக்கணக்கு முடியும்வரை விடணும். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது டாக்டர் சொன்ன பிறகு. தாய்ப்பால், மூலிகைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கிளம்புங்கள், ராத்திரியானாலும்.