சொந்தத்தில் கட்டியதால் வந்த வியாதி அல்ல

போன வாரம் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இரண்டரை வயதுப் பெண் பிள்ளை வந்தாள். ரொட்டித் துண்டைத் தானே எடுத்துத் தின்றவள். அம்மா, தாத்தா என்று கூப்பிட்டவள். இப்போது பேச்சில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே வைத்துத் துணி பிழிவதுபோல் பிசைந்துகொண்டே இருக்கிறாள். மணிக்கட்டில் கட்டிய மந்திரித்த நூல் எச்சிலில் ஊறித் திரிதிரியாய்ப் போயிருந்தது.

நான் வாய் திறக்குமுன் அப்பாயி சொன்னார்: "அத்தை மகளைக் கட்டாதேன்னு அப்பவே சொன்னேன் டொக்டர். கேட்டானா?" தாய் தலையைக் குனிந்துகொண்டார்.

இது ரெட் சிண்ட்ரோம்: மூளை வளர்ச்சியைப் பாதித்து, பழகிய பேச்சையும் கைப் பழக்கத்தையும் பறித்துவிடும் நோய். என்னிடம் வந்ததில் மூன்றாவது பிள்ளை. மூன்று தாய்மாரும் இதே பழியோடுதான் வந்தார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

சொந்தத்தில் கட்டினால் கூடுதலாக வரும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. தலசீமியா என்ற இரத்த நோய் அப்படித்தான்: தாய், தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருக்கும் குறை பிள்ளையில் ஒன்றுசேர்கிறது. ரெட் அப்படியல்ல. எக்ஸ் குரோமோசோமிலுள்ள எம்ஈசிபி2 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் இது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளிலும் புதிதாக உண்டாவது. பெற்றோரின் இரத்தத்தில் தேடினாலும் கிடைக்காது. பெரும்பாலும் தகப்பனின் விந்தணு உருவாகும்போதே நடந்துவிடுகிறது. (சரி, இனி மகனைத் திட்டத் தொடங்காதீர்கள் அப்பாயி, அவர் கையிலும் இல்லை.) அந்நியத்தில் கட்டியிருந்தாலும் வந்திருக்கலாம். மசக்கையில் எதைத் தின்றார், கிரகணத்தில் வெளியே போனாரா, கொழுந்துக் கூடை சுமந்தாரா, ஒன்றுக்கும் சம்பந்தமில்லை. 9 மாத ஊசிக்கும் 18 மாத ஊசிக்கும்கூட இல்லை.

சுமார் 10,000 பெண் பிள்ளைகளில் ஒருவருக்கு வருவது. வியன்னாவில் அந்திரியாஸ் ரெட் என்ற டொக்டர், 1954இல் தன் அறை வாசலில் காத்திருந்த இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரி கை பிசைவதைக் கண்டுதான் இதைப் பிடித்தார். கண்தான் முதல் பரிசோதனை. வேலை நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயம்மாமாரே, அந்தக் கண் உங்களுக்கும் இருக்கிறது. பேச்சு பிந்துவது வேறு, பேசிய சொல்லை விடுவது வேறு. பிடித்த கை பிடிக்காமல் போனால் அன்றைக்கே மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கை பிசைகிறாள் என்று அடிக்காதீர்கள், வேண்டுமென்று செய்வதில்லை. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் வலிப்பை அடக்கலாம், முதுகு கோணுவதைக் கவனிக்கலாம், நடக்கும் பிள்ளையை நடக்கவைத்துக்கொண்டே இருக்கலாம். பேசாவிட்டாலும் கண்ணால் கேட்பார்கள்; பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

நூலை அவிழ்க்கச் சொல்லவில்லை. பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதமும் கொடுத்து, கிளினிக் கொப்பியில் திகதியும் எழுதிவிட்டேன். அப்பாயியும் கூட வரட்டும்.