பாலை சரி, வனம் எதற்கு?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் வந்தால் போதும். "ஆண்டவர் நாற்பது நாள் பாலைவனத்தில் உபவாசித்தார்" என்று பிரசங்கம் தொடங்கிவிடும். பின்னால் திரையில் மணல்மேடு, ஒட்டகம், செக்கச்சிவந்த சூரியன். இந்த ஆண்டும் அதே படம்தான். எத்தனை தடவை பொறுப்பது!

வேதாகமத்தில் அந்த இடத்துக்கு மூலச்சொல் எபிரேயத்தில் 'மித்பார்'. மந்தையை ஓட்டிப்போவதைக் குறிக்கும் வேர் என்பார்கள். கிரேக்கத்தில் 'எரேமோஸ்', ஆளில்லா இடம். இரண்டிலும் மணல் இல்லை.

பழைய மொழிபெயர்ப்பு 'வனாந்தரம்' என்றது. வடமொழியில் அது காட்டின் உட்பகுதி. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையை வரையச் சொன்னால் மரமும் புலியும்தான் வரும். குற்றம் பிள்ளைமேல் இல்லை. அதைத் திருத்தப் போன நம் பிரசங்கிமார் 'பாலைவனம்' என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயும் வனம் போகவில்லை பாருங்கள்! பாலை என்று சொல்லிவிட்டு உடனே காட்டைக் கொண்டுவந்து ஒட்டுகிற சொல் அது. சகாராவுக்கும் தாருக்கும் வழங்கிப் போயிற்று, அங்கே இருக்கட்டும். வேதாகமத்துக்கு ஆகாது.

ஏன் ஆகாது? மோசே மாமனாருடைய ஆடுகளை ஓட்டிப்போனது அந்த நிலத்தில். காணாமற்போன ஒன்றைத் தேடப் போனவன் 99 ஆடுகளை விட்டுப் போனதும் அங்கேதான் (லூக்கா 15). வெறும் மணலில் விட்டுப் போயிருந்தால் அவன் என்ன மேய்ப்பன்? மாற்கு 6-இல் சீஷர்கள் "இது வனாந்தரமான இடம்" என்கிறார்கள். நாலே வசனம் தள்ளி ஐயாயிரம் பேர் பசும்புல்லின்மேல் பந்தி உட்காருகிறார்கள். யூதேயாவின் அந்த நிலம் எருசலேமுக்குக் கிழக்கே சாக்கடலை நோக்கிச் சரியும் சுண்ணாம்புக் குன்றுகள். மாரிமழை பெய்தால் சில வாரம் பச்சை, பிறகு மொட்டைப் பாறை.

இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து, "பாலை என்பதோர் படிவம் கொள்ளும்" என்று சிலப்பதிகாரம் இலக்கணமே வகுத்துவிட்டது. மழை பொய்த்தால் பாலை, பெய்தால் மறுபடி முல்லை. மித்பார் இதுதானே? பாலைத்திணையின் உரிப்பொருளும், அதாவது பாடுபொருளும், பிரிவு. பிள்ளையோடு துரத்தப்பட்ட ஆகாரையும், சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியாவையும் வேறெந்தத் திணையில் வைப்பது? விலகிப்போன மனைவியாக இஸ்ரவேலை வைத்து, அவளை அங்கே அழைத்துப்போய்ப் பட்சமாய்ப் பேசுவேன் என்று ஓசியாவில் கடவுள் சொல்வதும், பிரிந்தவர் கூடுவதற்குப் பாலைவழியே திரும்ப நடப்பது போலத்தான் எனக்குக் கேட்கிறது.

1995-இல் வந்த வேதாகம மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'பாலைநிலம்' என்றே போட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டே பாலைவனம் என்று வாசிப்பவர்களை என்ன செய்ய? பாலை வழிக்குப் பழம்பாடல்கள் சொல்லும் 'சுரம்' எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் சொன்னால் காய்ச்சலா, சங்கீதமா என்று கேட்பார்கள்.

நாற்பது ஆண்டு அலைச்சலைச் சொல்லும் புத்தகத்துக்கு எபிரேயர் வைத்த பெயர் 'பெமித்பார்', பாலையில். நாம் வைத்திருப்பது எண்ணாகமம், தலை எண்ணிய கணக்கு.